அமிலத்தைக் காரத்தால் தரம் பார்ப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

அமிலம் ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும், காரம் அதை வாங்கிக்கொள்ளும், இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும். புத்தகத்தில் படிக்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஒரு பாட்டில் அமிலத்தைக் கையில் கொடுத்து "இதன் செறிவு என்ன, கண்டுபிடி" என்று சொன்னதும்தான் திண்டாட்டம் ஆரம்பிக்கும். செய்முறைத் தாளில் நாலைந்து வரிதான் இருக்கும்: பியூரெட்டை (அடியில் திருகு உள்ள, அளவுக்கோடு போட்ட நீளக் கண்ணாடிக் குழாய்) நிரப்பு, துளித்துளியாக விடு, நிறம் மாறியதும் நிறுத்து. அப்படியே செய்தாலும் ஒருமுறை 22 மி.லி. வரும், அடுத்த முறை 24 மி.லி. வரும். ஏன் என்று கேட்டால் அந்தத் தாளில் பதில் இருக்காது.

அந்த வரிகளுக்கு நடுவே விட்டுப்போனவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். செறிவு தெரியாத அசெட்டிக் அமிலக் கரைசலை சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்ப்பதை (டைட்ரேஷன் என்று நாம் சொல்வதுதான்: அமிலம் தீர எவ்வளவு காரம் ஆகிறது என்று அளந்து அதன் செறிவைக் கணக்கிடுவது) உதாரணமாக வைத்துக்கொள்வோம். புதிதாகச் செய்பவர்கள் கடைசித் துளியை நினைத்தே பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை முடிவு கெடுவது பெரும்பாலும் அதற்கு முன்பே: எதை எதனால் அலசினீர்கள், காரம் எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது, எந்த நிறங்காட்டியை (அமிலம் தீர்ந்ததை நிறம் மாறிக் காட்டும் பொருள்) போட்டீர்கள் என்பதில்.

1. குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

வலிமையான அமிலம் வேறு, செறிவான அமிலம் வேறு. வலிமை என்பது நீரில் கரைந்ததும் எவ்வளவு பங்கு அயனியாகப் பிரிகிறது என்பதைப் பொறுத்தது. செறிவு என்பது ஒரு லிட்டரில் எத்தனை மோல் இருக்கிறது என்பது. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிட்டத்தட்ட முழுவதும் பிரிந்துவிடுவதால் அதன் பிஎச் 1. அதே 0.1 மோலார் அசெட்டிக் அமிலத்தில் நூற்றுக்கு ஒன்று சொச்சம் மூலக்கூறுதான் பிரிந்திருக்கும். பிஎச் சுமார் 2.9.

இப்போது ஒரு கேள்வி. இரண்டிலும் 25 மி.லி. எடுத்தால், எதற்கு அதிகக் காரம் தேவைப்படும்? பலர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு என்பார்கள். இரண்டுக்கும் ஒரே அளவுதான் ஆகும். காரம் சேரச் சேர, பிரியாமல் இருந்த அசெட்டிக் அமிலமும் பிரிந்து வந்துகொண்டே இருக்கும், கடைசி மூலக்கூறு வரை. தரம் பார்த்தல் மொத்த அமிலத்தை எண்ணுகிறது. பிஎச் அந்த நொடியில் பிரிந்து நிற்கும் ஹைட்ரஜன் அயனியை மட்டும் சொல்கிறது. இது புரிந்துவிட்டால் மீதியெல்லாம் கைவேலைதான்.

பிஎச் மடக்கை அளவு என்பதும் நினைவிருக்கட்டும். பிஎச் 3 உள்ள கரைசலில் ஹைட்ரஜன் அயனி, பிஎச் 4 உள்ளதைப் போல 10 மடங்கு. பிஎச் 7 நடுநிலை என்பது 25 டிகிரி செல்சியஸில் தூய நீருக்குப் பொருந்தும் கணக்கு. அதற்காக எல்லாத் தரம் பார்த்தலும் 7-இல்தான் முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். 5-ஆம் படியில் இதற்கே வருகிறேன்.

2. நேரம், செலவு, எழுத வேண்டியவை

நேரம்: வேலையை ஒரே நாளில் முடிக்கலாம், ஆனால் காலையிலேயே தொடங்குங்கள். திட்டப் பொருளை (காரத்தின் செறிவைக் கண்டுபிடிக்க எடை போட்டு எடுக்கும் தூய பொருள், 4-ஆம் படியில் வருகிறது) 110 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்த வேண்டும், பிறகு உலர்கலனில் (ஈரம் புகாத மூடிய கலம்) வைத்து அரை மணி நேரமாவது ஆறவிட வேண்டும். அந்த இடைவெளியில் காரக் கரைசலைத் தயாரித்து, கண்ணாடிச் சாமான்களைக் கழுவி வைத்துவிடலாம். ஒரு தரம் பார்த்தலுக்கு, பழகும்வரை, 10 நிமிடம் ஒதுக்குங்கள். திட்டமாக்க (காரத்தின் உண்மையான செறிவைக் கண்டுபிடிக்க) மூன்று, மாதிரிக்கு மூன்று, முன்னோட்டத்துக்கு ஒன்று என்று குறைந்தது ஏழாவது இருக்கும். மதியத்துக்குப் பிறகு ஆரம்பித்தால் கடைசி இரண்டும் அவசரத்தில்தான் நடக்கும்.

செலவு: மருந்துகள் மலிவானவை. காசு போவது கண்ணாடியிலும் தராசிலும். பியூரெட்டும் பிப்பெட்டும் (குறிப்பிட்ட ஒரே அளவு திரவத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய்) துல்லியம் கூடிய 'ஏ' வகுப்பாக இருந்தால் நல்லது, 50 மி.லி. பியூரெட்டில் அதன் பிழை வரம்பு 0.05 மி.லி., 25 மி.லி. பிப்பெட்டில் 0.03 மி.லி. பீக்கரும் கூம்புக் குடுவையும் எதுவானாலும் பரவாயில்லை, அவற்றின் மேல் உள்ள கோடுகளை யாரும் அளவுக்கு நம்புவதில்லை. நான்கு தசம இடம் காட்டும் தராசு உங்களிடம் இல்லையென்றால் செறிவு சான்றளிக்கப்பட்ட காரக் கரைசலை ஆயத்தமாக வாங்கிவிடலாம். ஒருமுறை மட்டும் செய்யப்போகிறவருக்கு அதுதான் லாபம். அடிக்கடி செய்பவருக்குக் கட்டாது. திறந்த பாட்டிலின் செறிவு அந்தச் சான்றிதழில் உள்ளபடியே நிற்காது.

காகிதம்: ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. 16 பகுதிகள் இருக்கும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லையென்றாலும் 4 (முதலுதவி), 7 (கையாளுதல், சேமிப்பு), 8 (பாதுகாப்பு அணிகலன்), 13 (அப்புறப்படுத்தல்) ஆகிய நான்கையும் பார்த்துவிடுங்கள். பிறகு, தைத்த குறிப்பேடு ஒன்று. உதிரித் தாளில் எழுதிப் பிறகு நகலெடுக்கிற பழக்கம் வேண்டாம். எண்கள் இடம் மாறுவது அங்கேதான். பேனாவால் எழுதுங்கள். பாட்டிலில் போட்டிருக்கும் தூய்மை விழுக்காடு, தொகுதி எண், திறந்த தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் தயாரிக்கும் ஒவ்வொரு பாட்டிலிலும் பொருள், செறிவு, தேதி, உங்கள் பெயரின் முதலெழுத்து எழுதி ஒட்டுங்கள். காரமும் நீரும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும்.

3. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள்

பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, மேலங்கி. அமிலத்துக்குப் பயப்படுகிற அளவு காரத்துக்கு யாரும் பயப்படுவதில்லை, அது தலைகீழாக இருக்க வேண்டும். அமிலம் பட்டால் உடனே எரியும், கையை இழுத்துக்கொள்வீர்கள். காரம் பட்டால் முதலில் சோப்புபோல வழுக்கும், வலி தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் தோலை அரித்திருக்கும். கண்ணில் தெறித்தால் உடனே ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் மருத்துவரிடம் போக வேண்டும். காரம் பட்ட இடத்தில் அமிலத்தை ஊற்றி நடுநிலையாக்கலாம் என்று நினைக்காதீர்கள். நடுநிலையாக்கல் வெப்பம் உமிழும் வினை. வலிமையான அமிலமும் காரமும் சேரும்போது ஒரு மோலுக்கு சுமார் 57 கிலோஜூல் வெளிப்படுகிறது. புண்ணோடு சூடும் சேரும்.

அடர் அமிலத்தை நீர்க்கச் செய்ய நேர்ந்தால் நீரில் அமிலத்தை ஊற்றுங்கள், ஒருபோதும் அமிலத்தில் நீரை ஊற்றாதீர்கள். அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84. அதன்மேல் ஊற்றும் நீர் மேலேயே நின்று, வெளிப்படும் வெப்பத்தில் கொதித்து, அமிலத்தையும் தூக்கிக்கொண்டு தெறிக்கும்.

பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதீர்கள். ரப்பர் குமிழ் இல்லையென்றால் அது கிடைக்கும் வரை காத்திருங்கள்.

4. காரக் கரைசல்: தோராயமாகத் தயாரித்து, துல்லியமாகத் திட்டமாக்குங்கள்

சோடியம் ஹைட்ராக்சைடின் மோலார் நிறை 40. ஒரு லிட்டர் 0.1 மோலார் கரைசலுக்கு 4 கிராம். அந்த 4 கிராமை நான்கு தசமத்துக்கு எடை போட மெனக்கெடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். வீண்வேலை. அந்த வெள்ளைக் குளிகைகள் தராசுத் தட்டிலேயே காற்றின் ஈரத்தை இழுத்துப் பளபளக்க ஆரம்பிக்கும்; எண் ஏறிக்கொண்டே போகும். போதாததற்குக் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக் கார்பனேட்டாக மாறும். ஆகவே சாதாரணத் தராசில் 4 கிராமைச் சட்டென்று எடை போட்டு, கொதிக்கவைத்து ஆறவைத்த வடிநீரில் கரைத்து, ஆறியதும் ஒரு லிட்டருக்குக் கொண்டுவாருங்கள். கொதிக்கவைப்பது நீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடை விரட்டுவதற்கு. பாலிஎத்திலீன் பாட்டிலில் ஊற்றி இறுக மூடுங்கள். கண்ணாடி மூடி போட்ட பாட்டில் வேண்டாம், காரம் கண்ணாடியை அரித்து மூடி இறுகிப்போகும்.

இதன் உண்மையான செறிவு இப்போது உங்களுக்குத் தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் முதல்நிலைத் திட்டப் பொருள். தூய்மையாகக் கிடைக்க வேண்டும், காற்றில் மாறக் கூடாது, மோலார் நிறை பெரிதாக இருந்தால் எடைப் பிழை குறையும். பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட் இதற்கெல்லாம் பொருந்தும். மோலார் நிறை 204.22, ஒரு மூலக்கூறுக்கு ஒரு ஹைட்ரஜன் அயனி. ஆக்சாலிக் அமிலமும் பயன்படுத்துகிறார்கள். அது இரண்டு ஹைட்ரஜன் அயனியைக் கொடுக்கும், கூடவே படிகத்தில் இரண்டு நீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும் (மோலார் நிறை 126.07). இந்த இரண்டையும் மறந்தால் விடை பாதியாகவோ, ஏறுக்குமாறாகவோ வரும். தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருந்தால் தாலேட்டையே எடுங்கள்.

உலர்த்தி ஆறவைத்த தாலேட்டைச் சுமார் 0.51 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக 0.5100 வர வேண்டும் என்று ஒவ்வொரு துகளாகச் சேர்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, 0.5123 வந்தால் 0.5123 என்று எழுதுங்கள், அவ்வளவுதான். கூம்புக் குடுவையில் போட்டு ஐம்பது மி.லி. அளவு நீரில் கரையுங்கள். இங்கே நீரின் அளவைப் பற்றிக் கவலை வேண்டாம். குடுவையில் எத்தனை மோல் அமிலம் இருக்கிறது என்பது எடை போட்டபோதே முடிவாகிவிட்டது. நீர் அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்யாது. இந்தக் குடுவையையும் 7-ஆம் படியில் சொல்லும் முறையிலேயே காரத்தால் தரம் பாருங்கள்.

5. நிறங்காட்டியைத் தேர்ந்தெடுங்கள்

அசெட்டிக் அமிலம் முழுவதும் தீர்ந்த நொடியில் குடுவையில் இருப்பது சோடியம் அசெட்டேட். அசெட்டேட் அயனி நீரிலிருந்து கொஞ்சம் ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்ளும் என்பதால் கரைசல் சற்றுக் காரத்தன்மையோடு நிற்கும். இரண்டும் 0.1 மோலாராக இருந்தால் அப்போது பிஎச் சுமார் 8.7. எனவே அந்த இடத்தில் நிறம் மாறும் நிறங்காட்டி வேண்டும்: பினாப்தலீன். அது பிஎச் 8.2 அளவில் நிறமற்ற நிலையிலிருந்து மாறத் தொடங்கி 10-க்குள் நல்ல இளஞ்சிவப்பாகும்.

மெத்தில் ஆரஞ்சு 3.1-க்கும் 4.4-க்கும் இடையில் மாறுவது. அதை இங்கே போட்டால் பாதி அமிலம் தீர்வதற்கு முன்பே நிறம் நகர ஆரம்பித்து, எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் வழவழவென்று மாறிக்கொண்டிருக்கும். அதே மெத்தில் ஆரஞ்சு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கு ஏறத்தாழச் சரியாகவே வேலை செய்யும். காரணம் இதுதான்: 25 மி.லி. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 24.95 மி.லி. காரம் சேர்ந்தபோது பிஎச் 4. 25.05 மி.லி. சேர்ந்தபோது பிஎச் 10. இரண்டே துளியில் ஆறு அலகு தாண்டிவிடுகிறது. இந்தப் பாய்ச்சலுக்குள் எந்த நிறங்காட்டி மாறினாலும் பிழை ஒரு துளிக்குள் அடங்கிவிடும். வலிமை குறைந்த அமிலத்தில் பாய்ச்சல் சிறிது, அதுவும் மேல்பக்கமாகத் தள்ளி இருக்கும்.

அம்மோனியாவை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்த்தால் எதிர்ப்பக்கம்: முடிவு பிஎச் 5-ஐ ஒட்டி வரும், மெத்தில் சிவப்பு (4.4 முதல் 6.2) பொருந்தும். அமிலமும் காரமும் இரண்டுமே வலிமை குறைந்தவை என்றால் நிறங்காட்டியை நம்பாதீர்கள், பாய்ச்சலே இருக்காது.

இரண்டு அல்லது மூன்று துளி போதும். நிறங்காட்டியும் ஒரு வலிமை குறைந்த அமிலம்தான், தாராளமாக ஊற்றினால் அதுவும் காரத்தைக் குடிக்கும். எல்லாக் குடுவையிலும் ஒரே எண்ணிக்கைத் துளி விடுங்கள்.

6. அலசுவது

இந்தப் படியை அவசரமாகக் கடந்துபோகாதீர்கள். மூன்று சாமானுக்கும் மூன்று விதம்.

பியூரெட்: வடிநீரில் கழுவியபின், உள்ளே ஊற்றப்போகும் காரத்தாலேயே இரண்டு முறை, சுமார் 5 மி.லி. வீதம் அலசிக் கொட்டுங்கள். நீர் ஒட்டியிருந்தால் காரம் நீர்த்துப்போகும். அதிகக் காரம் செலவாகும். அமிலத்தின் செறிவு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும்.

பிப்பெட்: எடுக்கப்போகும் அமிலக் கரைசலால் அலசுங்கள். இங்கே நீர் தங்கினால் பிழை எதிர்ப்பக்கம் போகும், விடை குறைவாக வரும்.

கூம்புக் குடுவை: வடிநீர் மட்டும். இதையும் அமிலத்தால் அலசினால் கணக்கில் வராத அமிலம் சுவரில் ஒட்டிக்கொண்டு விடையை ஏற்றிவிடும். குடுவை ஈரமாக இருக்கலாம், உலர்த்த வேண்டியதில்லை.

பியூரெட்டை நிரப்பியதும் குழாய்த்திருகைத் திறந்து சட்டென்று கொஞ்சம் ஓடவிடுங்கள். திருகுக்குக் கீழே நுனியில் காற்றுக்குமிழ் ஒளிந்திருக்கும். நடுவில் அது வெளியேறினால் அதன் இடத்தை நிரப்பிய காரமும் நீங்கள் அமிலத்தில் விட்டதாகக் கணக்காகிவிடும். அப்புறம் புனலை எடுத்துவிடுங்கள். அதன் காம்பில் தொங்கும் துளி பாதியில் உள்ளே விழும், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

தொடக்க அளவு 0.00-இல்தான் இருக்க வேண்டும் என்றில்லை. 0.35 இருந்தால் 0.35 என்று எழுதிக்கொண்டு தொடங்குங்கள். பிறைவடிவ மேற்பரப்பின் அடிப்பகுதி கண்மட்டத்தில் இருக்க வேண்டும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். கோடுகள் 0.1 மி.லி.க்கு ஒன்று. இடைவெளியைக் கண்ணால் பங்கிட்டு இரண்டாவது தசமத்தையும் எழுதுங்கள்.

7. துளி விடுவது

பிப்பெட்டால் 25 மி.லி. அமிலத்தைக் குடுவையில் விடுங்கள். தானாக வடிந்தபின் நுனியைக் குடுவையின் சுவரில் தொட்டு எடுங்கள். நுனியில் கொஞ்சம் மிச்சமிருக்கும், அதை ஊதித் தள்ளாதீர்கள். அந்த மிச்சத்தைக் கழித்தே பிப்பெட்டில் கோடு போட்டிருக்கிறார்கள்.

முதல் குடுவை முன்னோட்டம். வேகமாக விட்டு, எங்கே முடிகிறது என்று தோராயமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அடுத்ததில் அந்த அளவுக்கு 2 மி.லி. முன்புவரை ஓடவிட்டு, அங்கிருந்து துளித்துளியாகப் போங்கள். இடக்கையால் திருகு, வலக்கையால் குடுவையைச் சுழற்றுவது. கொஞ்சம் பழகினால் வந்துவிடும். குடுவைக்கு அடியில் வெள்ளைத் தாளோ ஓடோ வையுங்கள்.

தொடக்கத்தில், துளி விழுந்த இடத்தில் மட்டும் இளஞ்சிவப்பு தோன்றி உடனே மறையும். முடிவு நெருங்க நெருங்க அந்தச் சிவப்பு பரவும், மறையத் தாமதிக்கும், ஒரு சுழற்று சுழற்றினால்தான் போகும். அப்போதிலிருந்து அரைத்துளிதான்: திருகை லேசாகத் திறந்து நுனியில் துளி பாதி உருண்டதும் மூடி, அதைக் குடுவையின் உட்சுவரில் தொடவைத்து, வடிநீரால் உள்ளே கழுவிவிடுங்கள். மிக வெளிறிய இளஞ்சிவப்பு முழுக் கரைசலிலும் 30 விநாடி நின்றால் அதுதான் முடிவு.

அதற்குப் பிறகு நிறம் மறைந்தால் இன்னொரு துளி விடத் தோன்றும். விடாதீர்கள். காற்றின் கார்பன் டை ஆக்சைடு கரைந்து பிஎச் இறங்குவதால் அது மறைகிறது. உங்கள் அமிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடர் சிவப்பு வந்துவிட்டதா? தாண்டிவிட்டீர்கள். அந்தக் குடுவையைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்று அளவீடுகள் 0.1 மி.லி.க்குள் ஒத்துவரும்வரை தொடருங்கள். செலவாகும் காரம் 20 முதல் 25 மி.லி. வரை இருப்பது நல்லது. ஒரு துளி சுமார் 0.05 மி.லி.; 25-இல் அது 0.2 விழுக்காடு, 5 மி.லி.இல் 1 விழுக்காடு. மாதிரி மிகவும் செறிவாக இருந்தால் அளவுக் குடுவையில் 10 மடங்கு நீர்க்கச் செய்து கொள்ளுங்கள். விடையை 10-ஆல் பெருக்க வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டால் மறந்துபோகும்.

8. கணக்கு

முதலில் காரம். 0.5123 கிராம் தாலேட் என்றால் 0.5123 ÷ 204.22, அதாவது 2.509 மில்லிமோல். இதற்கு 25.40 மி.லி. காரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். செறிவு 2.509 ÷ 25.40 = 0.0988 மோலார். மூன்று குடுவையின் சராசரியை எடுத்துப் பாட்டிலில் எழுதி, தேதியும் போடுங்கள்.

அடுத்து அமிலம். 25.00 மி.லி.க்கு 22.60, 22.55, 22.60 என்று வந்தால் சராசரி 22.58. செலவான காரம் 22.58 × 0.0988 = 2.231 மில்லிமோல். ஒன்றுக்கு ஒன்று வினை, ஆகவே அமிலமும் அதே 2.231 மில்லிமோல். 25-ஆல் வகுத்தால் 0.0892 மோலார். லிட்டருக்குக் கிராமில் வேண்டுமென்றால் 60.05-ஆல் பெருக்குங்கள்: 5.36 கிராம். கால்குலேட்டர் காட்டும் எட்டு இலக்கத்தையும் எழுதாதீர்கள், மூன்று பொருளுறு இலக்கம் போதும்.

கந்தக அமிலம், ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றில் ஒரு மூலக்கூறு இரண்டு காரத்தை எடுக்கும். காரத்தின் மில்லிமோலை 2-ஆல் வகுத்தபின்தான் அமிலத்தின் மில்லிமோல். சமன்படுத்திய சமன்பாட்டைப் பக்கத்தின் மேலே எழுதிவைத்துவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் இது தவறாது.

9. விடை ஒத்துவரவில்லையா?

அளவீடுகள் முன்னுக்குப்பின் சிதறினால் அலசியதையும் காற்றுக்குமிழையும் பாருங்கள். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவந்து, ஆனால் விடை மட்டும் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருந்தால் சந்தேகப்பட வேண்டியது பழைய காரத்தை. இரண்டு ஹைட்ராக்சைடு ஒரு கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து ஒரு கார்பனேட் ஆகிறது. பினாப்தலீன் நிறம் மாறும் இடத்தில் அந்தக் கார்பனேட் ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனியைத்தான் ஏற்றிருக்கும், பைகார்பனேட்டாக நின்றுவிடும். இரண்டு பேர் செய்த வேலைக்கு ஒருவர்தான் மிச்சம். காரம் வலுவிழந்திருக்கும், நீங்கள் பழைய செறிவையே போட்டுக் கணக்குப் பார்ப்பீர்கள். அதனால்தான் காரத்தை அன்றைக்கே, அதே நிறங்காட்டியை வைத்துத் திட்டமாக்கச் சொல்கிறார்கள்; அப்படிச் செய்தால் கார்பனேட்டால் வரும் பிழை பெரும்பாலும் இரண்டு பக்கமும் அடிபட்டுவிடும்.

இன்னொரு வினோதம். காரம் மிக அதிகமாகக் கொட்டிவிட்டால் பினாப்தலீனின் சிவப்பு மெல்ல வெளுத்து மறுபடி நிறமற்றுப் போகும். அமிலம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று எண்ணி மேலும் காரத்தை விடுபவர்கள் உண்டு. கொஞ்சம் அமிலம் விட்டுப் பார்த்தால் நிறம் திரும்புவது தெரியும், ஆனால் அந்தக் குடுவை எப்படியும் வீண்தான்.

10. முடித்தபின்

பியூரெட்டில் மிஞ்சிய காரத்தைப் பாட்டிலுக்குத் திருப்பி ஊற்றாதீர்கள். வெளியே கொட்டுவதற்கு முன் உங்கள் ஆய்வகத்தின் விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பியூரெட்டை நீரால் பலமுறை அலசி, திருகைத் திறந்துவைத்து, தலைகீழாகத் தாங்கியில் மாட்டுங்கள். காரத்தோடு இரவு முழுக்க விட்ட பியூரெட்டில், அதுவும் கண்ணாடித் திருகு போட்டதில், மறுநாள் திருகு அசையாது. பலம் கொடுத்தால் கையோடு உடைந்து வரும்.